துப்பாக்கிப் பதிவு நடைமுறையில் எப்படி? கேள்வி பதில்

மதுரை வாசகர்: அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் பெயரில் பன்னிரண்டு போர் (குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் இன்னும் இரண்டு வருடம் இருக்கே, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா சார்?

பதில்: கூடாது. லைசென்ஸ் அவருக்குத் தரப்பட்டது, அவரோடு முடிந்தது. ஆயுதச் சட்டம் 1959, 21ஆம் பிரிவுப்படி தாமதமின்றி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படையுங்கள். எடுத்துப் போகுமுன் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ரசீதில் கம்பெனி பெயர், போர், குழல் எண், தோட்டாக் கணக்கு நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ‘துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு, 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதியின்படி உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பியுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: லைசென்ஸில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் பொருந்தவில்லை.

பதில்: பதிவு முழுக்க அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நிற்கிறது, உடனே கவனியுங்கள். குழலைக் கழற்றினால் அடிப்பக்கத் தட்டையில் பல முத்திரைகள் தெரியும். அங்கே 12/70 என்றிருந்தால் 12 போர், 70 மி.மீ. அறை நீளம், அது சீரியல் நம்பர் அல்ல. இதையே எண்ணாக எழுதிவிடுவதுண்டு. உண்மையான எண் பெரும்பாலும் குழல், ஆக்‌ஷன் (குழல் பொருந்தும் இயங்கு பகுதி) இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் படமெடுத்து, திருத்தம் கேட்டு உரிம அதிகாரிக்கு எழுதுங்கள். நீங்களாக எண்ணைத் தொடாதீர்கள். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாக ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அனுமானிக்கும்.

சேலம் வாசகர்: மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக இரண்டுதான்.

கூடலூர் வாசகர்: காட்டுப்பன்றித் தொல்லைக்கு மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

பதில்: பயிர்ப் பாதுகாப்புக்கு 13ஆம் பிரிவில் இடமுண்டு. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான்; பன்றியைச் சுட அனுமதி ஆகாது. அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வனத்துறை தர வேண்டியது. பட்டறையில் செய்த குழலில் எண் இல்லையென்றால் நீங்களே உளி வைத்து எண்ணை வெட்டாதீர்கள்.

டொராண்டோ வாசகர்: கனடாவில் நூறு கோடி டாலர் கொட்டிய துப்பாக்கிப் பதிவேட்டை 2012-இல் மூடினார்களே. பதிவே வீண்தானே?

பதில்: 1995 சட்டம் வந்தபோது நிகரச் செலவு 20 லட்சம் டாலர் என்றார்கள். 2002-இல் தலைமைத் தணிக்கையாளர் அது நூறு கோடியைத் தாண்டும் என்றார். மோசமான திட்டமிடல், மறுக்கவில்லை. ஆனால் மூடியது சாதாரண நீளத் துப்பாக்கிகளின் (ரைஃபிள், ஷாட்கன்) பதிவை மட்டும். 1934 முதல் இருந்த கைத்துப்பாக்கிப் பதிவும், ஆளுக்கான லைசென்ஸும் அப்படியே நின்றன. கியூபெக் மாகாணம் 2018-இல் தனக்கென ஒரு பதிவேட்டையே தொடங்கியது.

அதே வாசகர்: கள்ளத் துப்பாக்கிக்காரன் பதிவுக்கு வரமாட்டானே?

பதில்: வரமாட்டான். ஆனால் நல்ல துப்பாக்கி அவன் கைக்குப் போகும் வழியைப் பதிவு அடைக்கிறது. இங்கே இந்தியாவில் தனியாள் தன் துப்பாக்கியை விற்க எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுப்பதே பதிவேடுதான். பழைய பதிவு பிழையாக இருந்தால் கணினியில் ஏற்றியும் அதே பிழைதான் இருக்கும். கனடாவைப் பார்த்துக் கற்க வேண்டியது, முதலில் எண்ணைச் சரியாகப் படிப்பதை.

திருச்சி வாசகர்: தாத்தா துப்பாக்கி, அவர் காலமாகிவிட்டார்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

நாகை வாசகர்: எண்ணின் மேல் துரு. எமரி தாள் போடலாமா?

பதில்: எண்ணைத் தொடாதீர்கள் என்று மேலேயே சொல்லியாகிவிட்டது. எமரி, கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். துப்பாக்கி எண்ணெயை ஊறவிட்டு, பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். அதற்கும் தெரியாவிட்டால் டீலரிடம் கொடுங்கள்.