ஹெட்லைட் மங்கல், ஃப்யூஸ் போவது, பேட்டரி இறங்குவது: பழைய மாருதி 800-க்கு வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்ன தொல்லைகள் நான்கு. வண்டி 1997 கார்புரேட்டர் மாருதி 800. ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. பிரேக் மிதித்தால் பின்னால் இடது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. டெயில் லைட் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. எலக்ட்ரீஷியன் ஹார்னஸ் (வண்டி வயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டு) முழுவதையும் மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இந்த வயது வண்டியில் வயரின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவதெல்லாம் முனைகள்தான்: எர்த் போல்ட் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் இருக்கும் பின், ஃப்யூஸ் கிளிப், பின்னாளில் யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்ட ஜாயின்ட். புது ஹார்னஸ் போட்டாலும் துருப்பிடித்த அதே பாடியில்தான் எர்த் எடுப்பார்கள். நான்கில் இரண்டு தொல்லையாவது அப்படியே திரும்பி வரும்.

தேவையான சாமான் கொஞ்சம்தான். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஹோல்டரோடு ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்ப், இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் வைத்த மூன்று மீட்டர் வயர், உப்புத்தாள், பத்தாம் நம்பர் ஸ்பேனர். கையில் மோதிரமோ காப்போ இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ் போல்ட்டைத் திருப்பும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில், எதையும் போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். இது வரவில்லை என்றால் டைனமோ, பெல்ட், சார்ஜிங் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். சார்ஜிங்கே குறைவாக இருக்கும்போது லைட் வயரிங்கைப் பிரிப்பது வீண் வேலை.

இனி முக்கியமான சோதனை, வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் எங்கே எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்ப்பது. மீட்டரின் பீப் சத்தத்தை வைத்து வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் பெரும்பாலான பட்டறைகளில் நடக்கும் தவறு. உள்ளே இருக்கும் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். அந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். ஹெட்லைட் பல்புக்கான 5 ஆம்பியர் அதன் வழியாக ஓடினால் 1 வோல்ட் அங்கேயே போய்விடும், 5 வாட் சூடும் அந்தக் கப்ளருக்குள் உண்டாகும். பழைய வண்டிகளில் கப்ளர் பழுப்பாகி உருகியிருப்பது இதனால்தான். ஆகவே லைட் எரிந்து கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

இன்ஜினை ஓட விட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவின் ஈயத் தண்டில் இருக்கட்டும். கிளாம்பில் வைக்காதீர்கள், தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் பழுது தெரியாமல் போகும். சிவப்பு முனையைப் பல்பின் எர்த் பின்னில் வையுங்கள், கப்ளரின் பின்பக்கம் ஒரு குண்டூசியைச் செருகினால் தொட வசதி. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பிறகு சிவப்பு முனையைக் கிளாம்பு, பாடி போல்ட், லைட் அருகே உள்ள எர்த் திருகு என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எங்கே அளவு திடீரென்று தாவுகிறதோ அங்கேதான் பழுது. பாசிட்டிவ் பக்கமும் இதே வேலை: ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மற்றது ஃப்யூஸின் இரு பக்கம், சுவிட்சுக்கு முன்னும் பின்னும், கடைசியில் பல்ப் பின். மொத்தம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

அரை வோல்ட் ஒன்றரை வோல்ட்டெல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஹாலஜன் பல்புக்கு அது பெரிய இழப்பு. 13.5 கிடைக்க வேண்டிய இடத்தில் 12.1 கிடைத்தால் வோல்டேஜ் குறைவது பத்து சதவீதம்தான், வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். மஞ்சள் நிறத்துக்கும் அதுவே காரணம்.

எர்த் பாயின்ட்டுகளைச் சுத்தம் செய்வதைச் சோம்பலில்லாமல் செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி, லக்கின் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) இரண்டு பக்கத்தையும், அது உட்காரும் பாடி இடத்தையும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பெயின்ட் மேல் லக் உட்கார்ந்தால் எர்த் கிடைக்காது. பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கு வருவது ஒன்று, பாடியிலிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும் பின்னல் பட்டை இன்னொன்று. இந்தப் பட்டை அறுந்திருந்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகி உள் உறை உருகி இறுகிவிடும். காரணமே தெரியாமல் கேபிள் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்தப் பட்டையைப் பார்க்க வேண்டும்.

பிரேக் போட்டால் இண்டிகேட்டர் எரிவதும் எர்த் கதைதான். பின் லைட் பெட்டிக்குள் எல்லா பல்புக்கும் பொதுவாக ஒரே எர்த். அது விட்டுப்போனால் பிரேக் பல்பின் கரண்ட்டுக்குப் பாடிக்குப் போக வழியில்லை. பக்கத்து இண்டிகேட்டர் பல்பைத் தலைகீழாகக் கடந்து, அதே வயரில் முன் இண்டிகேட்டர் வரை போய், அங்கே எர்த் தேடிக்கொள்ளும். முதலைக் கிளிப் வயரின் ஒரு முனையை இடது லைட்டின் ஹோல்டர் உலோகத்திலும், மறு முனையைப் பாடியில் சுத்தமான ஒரு போல்ட்டிலும் மாட்டுங்கள். கோளாறு உடனே மறைந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த எர்த்தைப் புதிதாகப் போடுங்கள்.

ஃப்யூஸுக்கு வருவோம். திரும்பத் திரும்பப் புது ஃப்யூஸ் போட்டு எரிக்காதீர்கள். போன ஃப்யூஸின் இரண்டு கிளிப்புக்கும் நடுவே அந்த 21 வாட் பல்பை இணையுங்கள். டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட் பல்புகளைக் கழற்றிவிட்டு லைட் சுவிட்சைப் போடுங்கள். பழுது இல்லையென்றால் சோதனைப் பல்ப் எரியாது, அல்லது டாஷ்போர்டு விளக்குகளால் லேசாகச் சிவக்கும். முழுப் பிரகாசத்தில் எரிந்தால் ஷார்ட். இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஷார்ட் அப்படியே இருக்கலாம், பல்ப் கரண்ட்டைக் கட்டுப்படுத்திவிடும், வயர் எரியாது. ஹார்னஸை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்ப் எங்கே மங்குகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை பின் கதவுக் கீல் அருகே வயர் மடங்கும் இடம், ரப்பர் குரோமெட் போன ஓட்டைகள், கார்ப்பெட்டுக்குக் கீழே சீட் போல்ட் பக்கம், எலி கடித்திருக்கக்கூடிய மூலைகள். வேகத்தடையில் ஏறும்போது மட்டும் ஃப்யூஸ் போகிறது என்றால் உரசல்தான். பத்து நிமிடம் ஓடிய பிறகு வைப்பரோ புளோயரோ ஃப்யூஸைத் தூக்கினால் வயரை விட்டுவிட்டு மோட்டாரைப் பாருங்கள், உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும்.

பிளேடு ஃப்யூஸில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். பெட்டி மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் போடவே கூடாது. செப்புக் கம்பி சுற்றிய ஃப்யூஸ் இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். அப்படிச் சுற்றினால் அடுத்த ஷார்ட்டில் எரிவது டாஷ்போர்டுக்குள் ஓடும் வயர்தான்.

மூன்று நாளில் பேட்டரி இறங்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 5 வாட் பல்ப் ஒன்று எடுப்பது சுமார் 0.4 ஆம்பியர். 72 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 29 ஆம்பியர்-அவர். உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் அளவுதான் இருக்கும். ஆக ஒரே ஒரு சின்ன விளக்கு அணையாமல் இருந்தாலே போதும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கிளாம்புக்கும் பேட்டரி தண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டர் போய்விடும். ஸ்டீரியோ நினைவு, கடிகாரம் எல்லாம் சேர்ந்தும் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது குறைகிறதோ அந்தச் சுற்றில் பழுது. எல்லாவற்றையும் உருவியும் குறையவில்லையா? நெகட்டிவைக் கழற்றிவிட்டு டைனமோவின் பெரிய வயரைப் பிரித்து, மறுபடி அளந்து பாருங்கள். இப்போது குறைந்தால் டைனமோ டயோடு லீக். வண்டி வாங்கிய பிறகு மாட்டிய சென்ட்ரல் லாக், அலாரம், ஆம்ப் இருந்தால் சந்தேகத்தை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

எர்த் சரியான பிறகும் ஹெட்லைட் பாசிட்டிவ் பக்கம் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழந்தால் ரிலே போடுவது நியாயம்; சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச் அது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்று எண் போட்ட பின். பல்புக்கு 87. பழைய லைட் வயர் 86-க்கு, எர்த் 85-க்கு. வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் டிம்-பிரைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பல்பின் பொதுப் பின்னில் எப்போதும் பாசிட்டிவ் வரும். அப்படியிருந்தால் பழைய பொதுப் பின் வயர் 86-க்கும், டிம் அல்லது பிரைட் வயர் 85-க்கும் போக வேண்டும். பல்புக்குப் புது எர்த் பாடியிலிருந்து. 60/55 வாட்டுக்கு மேல் பல்ப் போடாதீர்கள், ஹோல்டரும் ரிஃப்ளெக்டரும் தாங்காது.

ஜாயின்ட் போடும்போது செம்பு கருத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது. வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் முறியும். பல இழை ஆட்டோ வயரே போடுங்கள். ரோசின் உள்ள ஈயம், மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஈயம் ஏறி விறைத்த இடத்தின் ஓரத்தில் வயர் மடங்காதபடி ஹார்னஸோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஹார்னஸ் மாற்றச் சொல்வது சரியாகும் நிலைமையும் உண்டு. விரலால் வளைத்தால் வயர் உறை பொரிந்து உதிர்ந்தாலோ, உள்ளே ஒரு வயர் எரிந்து பக்கத்து வயர்களோடு உருகி ஒட்டியிருந்தாலோ, எலி ஒரு முழ நீளத்துக்குக் கடித்திருந்தாலோ அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் இன்ஜின் பக்கம், டாஷ்போர்டு, பின்பக்கம் என்று பிரித்துக் கெட்டதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிரேக் போட்டால் இண்டிகேட்டர் எரிகிறது என்ற அளவுக்கு அந்தச் செலவு தேவையில்லை.