காசு கொடுத்தவர் நீங்கள், கணக்குக் கேட்கலாம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் சிறுகதைகள் "தேர்வு செய்யப்பட்டிருக்கின்றன" என்று சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து போன் வந்தது. பிறகு 48,000 ரூபாய் கேட்டார்கள். 300 பிரதி, ஆன்லைன் விற்பனை, புத்தகக் காட்சியில் இடம், அரசு நூலகங்கள் வாங்குவதற்கான நூலக ஆணை எல்லாம் உண்டு என்றார்கள். 2024 ஜூனில் ஜிபே செய்தேன். 2025 ஜனவரிக்குள் எல்லாம் முடியும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வந்தது 40 பிரதி. அதிலும் பக்கங்கள் மாறியிருக்கின்றன. கேட்டால், விளம்பரத்துக்கு இன்னும் 15,000 கட்டச் சொல்கிறார்கள். "உங்க புஸ்தகம் எங்கீங்க டீச்சர் கிடைக்கும்?" என்று ஊரில் கேட்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? எழுதுகிறவள் இப்படிப் போவது அழகா? விட்டுவிடச் சொல்கிறான் மகன். போலீசுக்குப் போகச் சொல்கிறார் உறவினர் ஒருவர். வழக்குப் போட்டால் இனி ஒருத்தரும் என் புத்தகத்தைத் தொடமாட்டார்களோ என்றும் பயம்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

போகலாம். போகத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்தது பணம் போனது இல்லை. ஏமாற்றியவர்கள் படவேண்டிய வெட்கத்தை நீங்கள் படுகிறீர்களே, அதுதான். அழகா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்க வேண்டும்.

காசு வாங்கிப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பது தப்பான தொழில் இல்லை. "இவ்வளவு ஆகும், இத்தனை பிரதி தருவோம், விற்பது உங்கள் பாடு" என்று நேராகச் சொல்லிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது வேறு. "தேர்வு" என்று சொல்லி மனசைக் குளிரவைத்துவிட்டு, பின்னாலேயே பில்லை நீட்டியிருக்கிறார்கள். கதையைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாளர் தன் பணத்தைப் போடுவார், உங்களிடம் கேட்கமாட்டார்.

சட்டப்படி உங்களுக்குப் பலம் தருவதும் நீங்கள் கொடுத்த அந்தப் பணம்தான். அவர்கள் தங்கள் செலவில் போட்டு ராயல்டி மட்டும் பாக்கி வைத்திருந்தால் அது சிவில் கோர்ட் விவகாரம். நீங்கள் காசு கொடுத்துச் சேவை வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர். சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு. பொய் வாக்குறுதி கொடுத்து ஆள் பிடித்தது முறையற்ற வணிகம். 48,000 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் அதுவும் அதே முறையற்ற வணிகத்தில் சேரும், மனுவில் தனியாகச் சொல்லுங்கள்.

அவர்கள் வக்கீல் முதலில் என்ன சொல்வார் தெரியுமா? "புத்தகம் விற்று லாபம் பார்க்கத்தானே பணம் கட்டினார்கள், இது வியாபாரம், இவர் நுகர்வோர் இல்லை" என்பார். வாங்கிய சேவையின் முக்கிய நோக்கம் என்ன, லாபத் தொழிலோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பென்ஷன் பணத்தில் வாழ்நாளில் ஒரு கதைப் புத்தகம் போட்ட டீச்சர் வியாபாரி ஆகமாட்டார். ஆனால் நீங்களே மனுவில் "இத்தனை லட்சம் ராயல்டி வந்திருக்கும், அது போச்சு" என்று எழுதி அந்த வாதத்துக்கு வழிவிட்டுவிடாதீர்கள். கட்டிய பணம், வட்டி, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு கேட்டால் போதும். கதைகளின் தரத்தைப் பற்றியும் அங்கே ஒரு வரி வேண்டாம். நீங்கள் கேட்பது இலக்கியத் தீர்ப்பு இல்லை, கணக்கு.

ஒப்பந்த நகலை அனுப்பியது நல்லதாயிற்று. ஏழாவது ஷரத்தில் "விற்பனை ஆசிரியரின் முயற்சியைப் பொறுத்தது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துக்கு முந்தின நாள் ராத்திரி வந்த வாட்ஸ்அப்பிலோ "நூலக ஆணை கன்ஃபார்ம் மேடம், கவலையே வேண்டாம்" என்கிறார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். நூலகத்துக்கு எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று முடிவு செய்வது அரசு. அதற்கு எந்தப் பதிப்பாளரும் உறுதி கொடுக்க முடியாது. கட்டணப் பட்டியலில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 3,000 ரூபாய் போட்டிருப்பதையும் கவனித்தேன். நம் நாட்டில் மத்திய அரசின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகவே கொடுக்கிறது. அந்த வரியைச் சிவப்பு மையில் கோடிட்டு வையுங்கள்.

தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் சென்னையில் நடுவர் முன்னால்தான் தீர்க்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து. பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருப்பது நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய நன்மை. நீங்கள் வாளையாறு எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்) போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், வீடியோவில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். மனுவை நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். பக்கத்து அக்ஷயா இ-சேவை சென்டரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, தமிழ் ஒப்பந்தத்துக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் மொழிபெயர்ப்பு சேர்த்துவிட்டால் இழுபறி குறையும்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டீஸ். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் அனுப்புங்கள். என்ன சொன்னார்கள், என்ன வந்தது, 15 நாளில் என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வையுங்கள். சில சமயம் அதிலேயே பணம் திரும்பும். 15,000 மட்டும் கட்டிவிடாதீர்கள், என்ன சமாதானம் சொன்னாலும். காலக்கெடுவும் முக்கியம்: அவர்கள் சொன்ன தேதி தவறியதிலிருந்து இரண்டு வருஷம். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள 2025 ஜனவரிக் கெடுவை வைத்துப் பார்த்தால் 2027 ஜனவரிக்குள் மனு போய்விட வேண்டும். அதுவரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

போலீசுக்குப் போகச் சொல்லி உறவினர் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மோசடி வழக்கில், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் சொன்னதைச் செய்யவில்லை என்று காட்டினால் போதும். இதை முதலில் முடியுங்கள்.

நடுவில் சமரசத்துக்கு வருவார்கள். வரட்டும். பணம் மட்டும் திரும்பினால் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சுக்காகப் பக்கம் கட்டிய கம்ப்யூட்டர் ஃபைலும், இனி அச்சிடவோ விற்கவோ மாட்டோம், எல்லா உரிமையும் ஆசிரியருக்கே என்ற கடிதமும் சேர்ந்து வர வேண்டும். உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுத்தீர்கள் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. அப்படிக் காலம் சொல்லாமல் விட்டிருந்தால் பதிப்புரிமைச் சட்டம் 5 வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். "என்றென்றைக்கும் எங்களுக்குத்தான்" என்று அவர்கள் மிரட்டுவது வெறும் பேச்சு.

வழக்குப் போட்டால் இனி ஒருத்தரும் என் புத்தகத்தைத் தொடமாட்டார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். தொடுவார்கள். சொந்தக் காசைப் போட்டு நல்ல புத்தகம் கொண்டுவரும் சின்னப் பதிப்பாளர்களின் பெயரையும் கெடுப்பது இந்த மாதிரி ஆட்கள்தான். அவர்கள் உங்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? முகநூலில் மட்டும் திட்டி எழுதாதீர்கள். சொல்ல வேண்டியதை மனுவில் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த 40 பிரதி. 65 முதல் 80 வரை இரண்டு தடவை வந்து, 81 முதல் 96 வரை காணோம் என்கிறீர்கள். பைண்டிங்கில் ஒரு ஃபாரம், அதாவது சேர்ந்து மடிக்கும் 16 பக்கக் கட்டு, மாறிப்போயிருக்கிறது. 300 பிரதி அச்சானதற்கு அச்சகப் பில்லைக் கொண்டுவர உத்தரவிடும்படி ஆணையத்திடம் கேளுங்கள், உண்மை அதில் தெரிந்துவிடும். நாலைந்து பிரதியை வந்த கட்டோடு, பார்சல் சீட்டோடு அப்படியே எடுத்து வையுங்கள், ஒன்றை மனுவோடு கொடுங்கள். மீதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விட்டுப்போன 16 பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே செருகி, கேட்கிறவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள்.