கடல் பார்த்த பால்கனி, வெயிலும் குறைவு: என்ன செடி நிற்கும்?

கேள்வி: பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஆறாவது மாடிக் கொண்டோ. பால்கனி நேராகக் கடலைப் பார்த்தது. கறிவேப்பிலை, மல்லிகை இரண்டுமே கருகிவிட்டன. வேறு என்ன வைக்கலாம்?

பதில்: உங்கள் கைராசியில் குறை இல்லை, திசையில்தான் சிக்கல். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கடல் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரைதான் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். ஜூன் மாதத்திலும், மேல்தளம் 9 அடி உயரம் என்றால், உச்சி வெயில் கைப்பிடியிலிருந்து 3 அடிக்கு மேல் உள்ளே வராது. கறிவேப்பிலையும் மல்லிகையும் தினம் 5, 6 மணி நேரம் நேர்வெயில் கேட்பவை. அந்தப் பட்டினியோடு உப்புக்காற்றும் சேர்ந்தால் எப்படித் தாங்கும்?

கடற்கரைச் செடி என்று கேட்டால் நர்சரியில் காகிதப்பூ, அரளி, கடல் திராட்சை என்று காட்டுவார்கள். உப்பு அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வெயில் இல்லாத இடத்தில் காகிதப்பூ முள்ளும் இலையுமாக நீண்டுகொண்டே போகும், பூக்காது. உங்களுக்கு வேண்டியது நிழலையும் உப்பையும் சேர்த்துத் தாங்குவது. பூவைப் பார்க்காமல் இலையைத் தடவிப் பாருங்கள்: தோல் போலத் தடித்து, மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்க வேண்டும்.

கைப்பிடி ஓரம் கிளூசியா என்ற தடித்த இலைப் புதர்ச்செடியை வையுங்கள், 12 அங்குலத் தொட்டியில். காற்றை முதலில் வாங்குவது அதுதான். இடைவெளியில் மாமியார் நாக்கு. (பேருக்கு ஏற்ற உறுதி அந்த இலைக்கு!) ஸ்பைடர் லில்லியும் நிற்கும், நிழலில் பூ மட்டும் குறையும். இந்த வரிசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, அக்லோனிமா, பீஸ் லில்லி, மணி பிளாண்ட். இவற்றை முன்வரிசைக்குக் கொண்டுவராதீர்கள். சமையலுக்குப் பாண்டானும், வெற்றிலை போன்ற கடுக் இலையும் அந்த உள்வரிசையில் வரும். வீட்டில் பூனையோ கைக்குழந்தையோ இருந்தால் அக்லோனிமா, மணி பிளாண்ட் வகையறாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்தால் வாய் எரியும்.

மண்: தோட்ட மண் 2 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு. நார்த்தூளிலேயே உப்பு இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீரின் காப்பி நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

இனி, எது கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. கடல் பக்க இலைகளில் மட்டும் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்ந்தால் உப்பு. மண் ஈரமாக இருக்க, அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கினால் வேர் அழுகல், அதாவது தண்ணீர் அதிகம். நிழலில் தொட்டி மெதுவாகத்தான் காயும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். மாமியார் நாக்குக்குத் தொட்டி முழுதும் காய வேண்டும். ஓரம் கருகியதைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவதுதான் பெரிய தப்பு. ரசாயன உரமும் உப்புதான். கருகல் இன்னும் கூடும். மெதுவாகக் கரையும் உரம், பாக்கெட்டில் சொன்னதில் பாதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறையும். பெய்தாலும் கூரைக்கடியில் இருக்கும் இலையை அது கழுவாது. அந்த மாதங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் குழாய்த் தண்ணீரைத் தெளித்து, இலையின் இரு பக்கமும் கழுவுங்கள். மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடிய விடுங்கள்.

வடிந்த தட்டை அன்றே கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் தேங்கினால் ஏடிஸ் கொசு, பிறகு சுகாதார அதிகாரிகளின் அபராதச் சீட்டு.