நரம்புக்கு ட்யூப் வைக்கலாமா?

கேள்வி: டாக்டர், கரும்பு வெட்டுறப்ப தம்பிக்கு மணிக்கட்டுல அருவா பட்டு நரம்பு அறுந்துபோச்சு, விரல் மரத்துக் கெடக்கு. கால் நரம்ப எடுத்து வைக்கணும், இல்லன்னா ட்யூப்ங்கறாங்க. அந்த ட்யூப் உள்ளயே கெடக்குமா?
- வாசகி, மேலூர்

பதில்: கெடக்காதும்மா. இப்ப வர்றது பெரும்பாலும் கொலாஜென்ங்கற புரதம் மாதிரி பொருள், மெல்ல மெல்ல கரைஞ்சிரும் (அந்தக்கால சிலிகோன் ட்யூப்தான் கரையாம நரம்ப அமுக்கி, சிலருக்கு திரும்ப எடுக்க வேண்டியதாச்சு). அறுந்த ரெண்டு முனையையும் ட்யூப்புக்குள்ள விட்டுத் தைப்பாங்க, நரம்பு அதுக்குள்ளயே பந்தக்கால்ல ஏறுற கொடி மாதிரி வளந்து போகும். ஆனா இடைவெளி 3 செ.மீ.க்கு மேலன்னா, மணிக்கட்டுல ஓடுற மாதிரி பெரிய நரம்புன்னா அதவிடக் கொறஞ்ச இடைவெளிக்கே, கால் நரம்புதான் நம்பகம். கெண்டைக்கால் பின்னாடி எடுப்பாங்க, பாதத்தோட வெளி ஓரம் மரத்துப்போகும், நடக்கத் தடையில்ல. நரம்பு வளர்றது நாளைக்கு சுமார் 1 மி.மீ. தான், விரல் நுனிக்கு உணர்ச்சி வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சூடான டீ டம்ளர அந்தக் கையில குடுக்காதீங்க, சுட்டாலும் தெரியாது.