உங்கள் வேலை தலைமையின் கண்ணில் படுவது எப்படி?

கேள்வி: கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தாமதமும் பிழையும் இல்லாமல் முடித்துக் கொடுக்கிறேன். ஆனால் தலைமையில் இருப்பவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: தலைமைப் பொறுப்பில் இருப்பவர் உங்கள் வேலையை நேரில் பார்ப்பது அரிது. உங்கள் மேலாளர் அனுப்பும் அறிக்கையில் உள்ள சில வரிகள்தான் அவரிடம் போய்ச் சேரும். அந்த வரிகளை எழுதிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மேலாளர் எந்த நாளில் மேலே அறிக்கை அனுப்புகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முதல் நாள் 5 வரிக்கு மிகாமல் அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிந்தது என்ன, அதனால் மாறியது என்ன, எங்கே தடை, அடுத்தது என்ன என்பது போதும். மேலாளர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். உங்கள் பிரிவுக்கு மட்டும் புரியும் சுருக்கப் பெயர்கள் வேண்டாம்.

"பில் சரிபார்க்கும் முறையை மேம்படுத்தினேன்" என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. "பில் சரிபார்க்க 6 நாள் ஆனது, இப்போது 2 நாள், இந்தக் காலாண்டில் தாமதக் கட்டணம் கட்டவில்லை" என்றால் நிதித் தலைவர் நிமிர்ந்து பார்ப்பார். இப்படி எழுத முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வேலையைத் தொடங்கும் முன் பழைய நிலையை அளந்து வைக்காததுதான். எந்த மாற்றத்துக்கும் முன்பு இரண்டு வாரமாவது நேரம், பிழை எண்ணிக்கை, தொகை மூன்றையும் குறித்து வையுங்கள். பின்னால் நினைவிலிருந்து சொல்லும் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் துறையில் இன்னொரு சிக்கல் உண்டு. நடக்காமல் தடுத்த தவறு யார் கண்ணுக்கும் தெரியாது. இது நியாயமற்றது, ஆனாலும் நிலைமை அதுதான். ஆகவே இரண்டு முறை வந்த பில், தவறான வரி விகிதம், விடுபட்ட தள்ளுபடி என நீங்கள் பிடித்தவற்றைத் தேதி, தொகையுடன் ஒரு தாளில் எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் மொத்தத் தொகையை மின்னஞ்சலில் ஒரு வரியாகச் சேருங்கள்.

எல்லா வேலையையும் காட்ட முயல வேண்டாம். மாதக் கணக்கை முடிக்க ஆகும் நாட்கள், வர வேண்டிய பாக்கி வசூலாகும் வேகம் போல, தலைமை ஏற்கெனவே கவனிக்கும் எண்களைத் தொடும் வேலையை முன்னே வையுங்கள்.

மேலாளரைத் தாண்டி நேரே மேலே எழுதுவது பெரும்பாலும் எதிராகத் திரும்பும். அவரிடமே, "இந்தப் பகுதியைக் கூட்டத்தில் நான் 3 நிமிடம் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் முடிவை முதலில் சொல்லுங்கள். செலவு எவ்வளவு, என்ன ஆபத்து, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தலைமையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். உடன் உழைத்தவர்களின் பெயரைச் சொல்லத் தவறாதீர்கள். பெருமையைத் தனியாக எடுத்துக்கொண்டவரை அடுத்த முறை சக ஊழியர்களே கைவிடுவார்கள். மேலாளரே உங்கள் பெயரை மறைப்பவர் என்றால், நீங்கள் தயாரிக்கும் ஆவணங்களில் 'தயாரித்தவர்' என்று உங்கள் பெயரை எழுதுங்கள். பிற துறையினர் நன்றி சொன்னால் அதை மின்னஞ்சலில், தங்கள் மேலாளருக்கும் நகல் போகும்படி எழுதக் கேளுங்கள்.

ஆண்டு மதிப்பீடு நீங்கள் இல்லாத அறையில் முடிவாகிறது. அங்கே கடைசி இரண்டு மூன்று மாத வேலைதான் எளிதில் நினைவுக்கு வரும். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆண்டின் மூன்று முக்கியப் பலன்களை எண்களோடு ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.