ரீல் சீட்டில் பெயின்ட் நிற்கவில்லையா?

கேள்வி: சொந்தமாகக் கட்டிய தூண்டில் ராடில் கறுப்பு ரீல் சீட்டுக்கு (ரீலை நட்டு போட்டு இறுக்கும் பகுதி) ஸ்ப்ரே கேனில் நீலம் அடித்தேன். கொஞ்ச நாளிலேயே உள்ளங்கை படும் இடத்தில் பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. நட்டும் இறுகித் திருக வரவில்லை. என்ன தவறு?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உரிந்த துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால், பிளாஸ்டிக்கைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருக்கிறீர்கள். பெயின்ட் உரியாமல் பிசுபிசுத்து விரலில் ஒட்டினால் காரணம் வேறு: கொசு விரட்டியில் உள்ள டீட். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டை அது கரைத்துவிடும். சன்ஸ்கிரீனும் லேசுப்பட்டதல்ல.

ரீல் சீட் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகோ சிலிக்கோனோ அதன் மேல் மிஞ்சியிருக்கும். எனவே முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, அடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதன் பிறகுதான் உப்புத்தாள். வரிசை மாறினால் அந்த எண்ணெய்ப்பசையைக் கீறல்களுக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். பெயின்ட் அங்கங்கே குழி விழும். 400-ஆம் நம்பரில் தொடங்கி 600-இல் முடியுங்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்கும்போது ஓரிடத்திலும் மினுக்கம் தெரியக் கூடாது. நைலான் நீரை உறிஞ்சும். தண்ணீர் தொட்டுத் தேய்த்திருந்தால் ஓர் இரவு காயட்டும்.

அடிமூடி போன்ற சில்லறைப் பாகங்கள் என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால், சோப்புத் துளி விட்ட தண்ணீரில் போடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டாமல் அமுக்கி விட்டும் மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் வகையாக இருக்கலாம். அதற்குப் பிளாஸ்டிக் அட்ஹீஷன் ப்ரமோட்டர் (பெயின்ட்டைப் பிடித்து நிறுத்தும் அடிப்பூச்சு) இல்லாமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. நைலானுக்கும் மெல்லிசாக ஒரு கோட் அடிப்பது நல்லது. அது முழுக்கக் காய்வதற்குள், கேனில் போட்டிருக்கும் நேரத்திலேயே, அடுத்த கோட் போக வேண்டும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகத்தில் மட்டும் தின்னரோ அசிட்டோனோ தொடாதீர்கள், வெடிப்பு விடும்.

இனி நட்டு. பிரைமர், நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று ஐந்தாறு கோட் சேர்ந்தால் 0.1 மில்லிமீட்டர் தடிமன் எளிதில் வந்துவிடும், விட்டத்தில் 0.2. மரையில் அவ்வளவு இடைவெளி கிடையாது. மரை, ரீலின் காலைக் கவ்வும் ஹூட் நகரும் பாதை, ரீலின் கால் உட்காரும் இடம், எபாக்ஸி பசை பிடிக்க வேண்டிய உட்புறம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். கறுப்பு மரையோடு நிற உடல் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். சீட்டை பிளாங்கில் (ராடின் வெறும் தண்டில்) ஒட்டும் முன்பே பெயின்ட் வேலையை முடிப்பது உத்தமம். உங்கள் ராடில் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதால் பழைய பெயின்ட்டை உப்புத்தாளாலேயே எடுங்கள். பெயின்ட் ரிமூவர் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், எபாக்ஸி பிடிப்பையும் தளர்த்தும். மரையில் ஏறிய பெயின்ட்டைப் பழைய பல் துலக்கியில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மிஞ்சியதை மரக்குச்சியால் பள்ளம் பள்ளமாகச் சுரண்டலாம்.

நிறம் இரண்டு மூன்று மெல்லிய கோட்; ஒவ்வொன்றுக்கும் இடையே 10 நிமிடமாவது விடுங்கள். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் மேல்புறம் காய்ந்து உள்ளே மெத்தென்றே இருக்கும். மேலே ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் இரண்டு கோட் போதும், டீட்டுக்கு ஓரளவு ஈடுகொடுப்பது அதுதான். அதில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் உண்டு. துணி மாஸ்க் பயன்படாது, கேனில் சொல்லியிருக்கும் வகை ரெஸ்பிரேட்டரைப் போட்டுத் திறந்தவெளியில் அடியுங்கள். தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் ரீலை மாட்ட ஒரு வாரம் பொறுங்கள்.