முட்டை வாங்கிய நார்வே: யூரோவிஷன் கேள்வி-பதில்

போன மாதம், ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நார்வே பட்ட பாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சிலர் நார்வே என்கிறீர்கள், சிலர் நோர்வே என்கிறீர்கள். எனக்கு இரண்டும் சம்மதம். சம்மதமில்லாதது ஒன்றுதான்: பாதிப் பேர் எந்த ஆண்டுப் போட்டி என்று சொல்லாமலே கேட்டிருக்கிறீர்கள். ஆண்டைச் சொல்லாமல் யூரோவிஷன் புள்ளியைப் பேசுவது, எந்த வருஷம் என்று சொல்லாமல் பவுன் விலையைப் பேசுவது மாதிரி. இதை முன்பே மூன்று தடவை எழுதியாகிவிட்டது. இன்றும் எழுதுவேன்.

நார்வே ஐந்து முறை வென்றிருக்கிறதாமே? (மதுரை வாசகர்)

மூன்று. 1985, 1995, 2009. "தாமே" போட்டு வரும் கேள்விகளுக்கு இனி பதில் கிடையாது.

அப்படியானால் கடைசி இடம் எத்தனை? (லண்டன் வாசகி)

பன்னிரண்டு. சில ஆண்டுகளில் வேறு நாடுகளோடு பகிர்ந்துகொண்ட கடைசி. வேறு எந்த நாடும் இவ்வளவு முறை அடியில் கிடந்ததில்லை. பின்லாந்து பின்னால் துரத்திக்கொண்டு வருகிறது. கடைசியாகக் கடைசி வந்தது 2024, மால்மோவில்.

1978இல் நார்வே பூஜ்யம் வாங்கியதைப் பார்த்தேன். ஒரு நாட்டுக்குக்கூடப் பிடிக்காத அளவுக்கு அவ்வளவு கேவலமாகவா பாடினார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

ஆண்டைக் குறிப்பிட்டதற்கு நன்றி. மற்றபடி, என்னை உட்காரவிடாத கேள்வி இது. இருபது வருஷமாக விருந்துகளில், ரயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1975 முதல் ஒவ்வொரு நாடும் பத்துப் பாடல்களுக்கு மட்டும்தான் புள்ளி தரும். முதலிடத்துக்கு 12, அடுத்ததற்கு 10, அப்புறம் 8 முதல் 1 வரை. பதினோராவது பாட்டுக்கு ஒன்றும் கிடையாது. 1978இல் பாரிஸில் 20 நாடுகள் பாடின. ஒரு பாட்டு மற்ற 19 நாட்டு நடுவர்களிடமும் பதினோராவதாக வந்தால் அதன் மொத்தம் பூஜ்யம். 18 நாடுகள் காதைப் பொத்திக்கொண்ட பாட்டை ஒரே ஒரு நாடு தலையில் தூக்கி வைத்தால் அதற்கு 12. எது நல்ல பாட்டு? பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று இடத்துக்குத்தான் பரிசு கொடுக்கிறார்கள். நாலாவதாக வந்த பிள்ளை ஃபெயில் என்று யாராவது சொல்வோமா? நம் ஊரில் முட்டை என்றால் வெற்று விடைத்தாள். யூரோவிஷன் முட்டை வேறு ஜாதி.

இப்போது யான் டைகனைப் பாருங்கள். 1978இல் அவர்தான் பாடினார், "மைல் மைலாக" என்று பொருள்படும் பாட்டு. பதிவு கிடைக்கிறது, பார்த்துவிட்டு எழுதுங்கள். கால்சட்டையின் தோள்பட்டைப் பட்டையை இழுத்து இழுத்து விடுகிறார். காலை அகல விரித்து ஆகாயத்தில் ஒரு எம்பு எம்புகிறார். கல்யாணத்துக்கு வந்த குறும்புக்கார மாமன் மேடையேறியது மாதிரி இருக்கிறது. அவர் எல்லா நாட்டிலும் பதினோராவதாகத்தான் வந்தார் என்று நான் சொல்லவில்லை, நிச்சயம் இல்லை. ஆனால் "ஒருவருக்கும் பிடிக்கவில்லை" என்று அந்தப் பூஜ்யம் சொல்லவில்லை. எந்த நாட்டிலும் முதல் பத்துக்குள் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஊர் திரும்பினால், அதே பாட்டை நார்வே கொண்டாடித் தீர்த்தது. இன்றைக்கும் ஆஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போங்கள், பத்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மேசையே சேர்ந்து பாடும். அந்த மேசையில் 2024இன் வெற்றிப் பாட்டு எது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? 1982இலும் 1983இலும் டைகனையே நார்வே மறுபடி அனுப்பியது. 1983இல் ஒன்பதாவது இடம்.

சேட்டை செய்ததால்தான் முட்டை என்பவர்களுக்கு: 1981இல் பின் கால்விக் கிட்டாரை வைத்துக்கொண்டு அடக்கமாக, மெதுவாகப் பாடினார். அவருக்கும் பூஜ்யம்தான். 1997இல் டோர் எண்ட்ரேசனுக்கும் அதே. 1963இலும் நார்வே பூஜ்யம் வாங்கியிருக்கிறது, ஆனால் அதை இந்த மூன்றோடு சேர்க்காதீர்கள். அந்த ஆண்டு ஒவ்வொரு நாடும் ஐந்தே பாடல்களுக்குத்தான் புள்ளி தந்தது. 16 நாடுகளில் நாலு நாடு வெறுங்கையோடு போனது: நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, நெதர்லாந்து. ஐந்து பாட்டுக்கு மட்டும் பந்தி விரித்தால் பலர் பசியோடுதான் போவார்கள்.

ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டின் விதியைப் பாருங்கள். அப்புறம் சிரியுங்கள்.

நார்டிக் நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி போட்டுக்கொள்வதால்தான் நார்வே பிழைக்கிறது. சரிதானே? (டொராண்டோ வாசகர்)

நாலு பூஜ்யம் வாங்கிய நாட்டைப் பார்த்தா இந்தக் கேள்வி? 1978இல் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒரு புள்ளி போடவில்லை.

ஆனால் ஒரு பழைய கதை உண்டு. 1963இல் நார்வே நடுவர் குழுவின் முடிவைத் தொலைபேசியில் சொன்னபோது குளறுபடி ஆனது. லண்டனில் இருந்த தொகுப்பாளர், மற்ற நாடுகள் முடித்தபின் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். திரும்ப அழைத்தபோது வந்த எண்கள் முதலில் சொன்னவை அல்ல. முதலில் கூட்டல் முடியாமலே சொல்லிவிட்டார்கள் என்று விளக்கம் தந்தார்கள். புதிய கணக்கில் டென்மார்க் 42, ஸ்விட்சர்லாந்து 40. பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு புள்ளியில் ஜெயித்தான். சதியா தடுமாற்றமா என்று அறுபது வருஷமாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து சதி செய்பவர்கள் இவ்வளவு கோணலாகச் செய்யமாட்டார்கள்.

2009இல் நார்வேக்காக வென்ற அலெக்சாண்டர் ரைபக்கின் 387 புள்ளி இன்னும் சாதனைதானே?

ஊர் பெயர் இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எண்ணாகப் பார்த்தால் இல்லை. 2016இல் உக்ரைனின் ஜமாலா 534 எடுத்தார். ஆனால் அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு நாடும் நடுவர்கள் சார்பில் ஒரு முறை, மக்கள் சார்பில் ஒரு முறை என்று இரட்டைப் புள்ளி தருகிறது. கிடைக்கக்கூடிய மொத்தத்தில் எவ்வளவு எடுத்தார் என்று பார்த்தால் ரைபக் கிட்டத்தட்ட 79 சதவீதம், ஜமாலா 54. பிரிட்டனின் பிரதர்ஹுட் ஆஃப் மேன் 1976இல் எடுத்த 164 புள்ளி, கேட்க அற்பமாக இருக்கும். அது 80 சதவீதம்! நான் ஏன் ஆண்டு ஆண்டு என்று அடித்துக்கொள்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

2009இல் மக்கள், நடுவர்கள் இரண்டு தரப்பிலும் ரைபக்தான் முதலிடம். இரண்டாவதாக வந்த ஐஸ்லாந்து 218.

ரைபக் பெலாருஸ்காரர், அவர் வென்றதை எப்படி நார்வே வெற்றி என்பது? (சிங்கப்பூர் வாசகர்)

மின்ஸ்கில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு நார்வேக்கு வந்தவர். அந்த நாட்டுத் தேர்வுப் போட்டியான மெலோடி கிராண்ட் ப்ரியில் ஜெயித்துத்தான் மாஸ்கோ போனார். உங்கள் கணக்குப்படி பார்த்தால் மற்ற இரண்டு வெற்றியும் போய்விடும். 1985இல் வென்ற பாபிசாக்ஸ் ஜோடியில் எலிசபெத் ஆண்ட்ரியாசென் பிறந்தது ஸ்வீடனின் கோதன்பர்க்கில்; 1982இல் ஸ்வீடனுக்காகவே பாடியவர். அந்த 1985 போட்டி நடந்ததும் அதே கோதன்பர்க்கில்தான். பிறந்த ஊரில், மினுமினுக்கும் ஊதாச் சட்டையில், பெற்றோரின் நாட்டுக்காக வென்றார். 1995 வெற்றியில் வயலின் வாசித்த பியனூலா ஷெரி அயர்லாந்துக்காரர், போட்டி நடந்தது டப்ளினில். யூரோவிஷனில் பாடுபவரின் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

1995இல் வென்றது பாட்டே இல்லை, வெறும் வயலின் என்கிறார் என் நண்பர். (சென்னை வாசகி)

24 சொற்கள் இருக்கின்றன, நண்பரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வாத்திய இசைக்கு இந்தப் போட்டியில் இடமில்லை. தொடக்கத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் குரல் வைத்து விதிக்குள் வந்துவிட்டார்கள். இசையமைத்தவர் ரோல்ஃப் லவ்லான். 1985இன் துள்ளல் பாட்டும் அவருடையதே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கை போட்டது என்று நம்பமாட்டீர்கள்.

தாய்மொழியில் பாடினால்தான் நார்வே ஜெயிக்கும் என்பது உண்மையா? (யாழ்ப்பாணம் வாசகர்)

1985, 1995 நார்வேஜியன். 2009 ஆங்கிலம். 1996இல் நார்வேஜியனில் பாடி இரண்டாவது இடம். 2024இல் நார்வேஜியனில் பாடிக் கடைசி இடம். முன்பு சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது, 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம். அதனால் பழைய வெற்றிகளை மொழியின் வெற்றி என்று எடுத்துக்கொண்டால், பழைய பூஜ்யங்களையும் மொழியின் கணக்கிலேயே எழுத வேண்டிவரும். மூன்று பூஜ்யமாவது சேரும்.

இதில் ஒரு தனிக் கிளை உண்டு. 1980இல் ஸ்வெர்ரே ஷெல்ஸ்பெர்க்கும் மத்திஸ் ஹெத்தாவும் பாடிய பாட்டின் தலைப்பு "சாமி நிலம்". நம் சாமி இல்லை. வடக்கே கலைமான் மேய்க்கும் ஆதிக்குடியான சாமி மக்கள். ஆல்ட்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து அவர்கள் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்த கையோடு வந்த பாட்டு. ஹெத்தா தம் மக்களின் உடையில் மேடைக்கு வந்து, சொல்லில்லாத யோய்க் ராகத்தைப் பாடிக் காட்டினார். 16ஆவது இடம். எனக்கு நார்வேயின் எல்லாப் பாட்டிலும் அதுதான் முதலிடம். என் ஓட்டு, கேட்பாரில்லை.

2019இல் நார்வேயின் கெய்னோ குழுவின் வெற்றியை நடுவர்கள் திருடிவிட்டார்கள். நீங்கள் ஏன் இதைப் பற்றி எழுதுவதேயில்லை? (பெர்கன் வாசகர், மூன்றாவது கடிதம்)

மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரு பதில். மக்கள் வாக்கில் கெய்னோ 291, அன்று முதலிடம் அவர்கள்தான். நடுவர்கள் தந்தது 40. மொத்தம் 331, ஆறாவது இடம். முதலில் ஐந்தாவது என்று அறிவித்தார்கள். பெலாருஸ் நடுவர் கணக்கில் பிழை இருந்ததைத் திருத்தியதும் ஸ்வீடன் மூன்று புள்ளி வித்தியாசத்தில் மேலே போனது.

இது திருட்டில்லை. பாதி மதிப்பு நடுவர்களுக்கு என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி. வென்ற நெதர்லாந்து மக்களிடம் இரண்டாவது, நடுவர்களிடமும் நல்ல இடம். இரண்டு பக்கமும் கால் வைத்தவர் கரையேறினார். ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2023இல் நார்வேக்காகப் பாடிய அலெஸாண்ட்ராவுக்கும் இதேதான்: மக்கள் 216, நடுவர்கள் 52. குதியாட்டப் பாட்டு என்றால் நடுவர் மேசையில் பேனா நடுங்குகிறது. யோய்க்கும் நடனத் தாளமும் கலந்த கெய்னோவின் பாட்டுக்குச் சராசரியாக நாட்டுக்கு ஒரு புள்ளி கொடுத்த காதுகளை நானும் மன்னிக்கவில்லை. போதுமா? நாலாவது கடிதம் வேண்டாம்.

நார்வே எந்தெந்த ஆண்டுகளில் கலந்துகொள்ளவில்லை? (திருச்சி வாசகர்)

1960இல் நுழைந்ததிலிருந்து இரண்டே ஆண்டுகள். 1970இல் புறக்கணிப்பு, அதற்கு முந்தின ஆண்டு நாலு நாடுகளைக் கூட்டு வெற்றியாளராக அறிவித்த கூத்தைக் கண்டித்து ஐந்து நாடுகள் ஒதுங்கின. 2002இல், முந்தின ஆண்டு கடைசியாக வந்ததால் விதிப்படி வெளியே. 2020இல் போட்டியே நடக்கவில்லை, அதைச் சேர்க்காதீர்கள்.

போட்டியை நடத்த உலகக் கோப்பைக் கால்பந்தையே விற்றார்கள் என்பது வதந்திதானே? (துபாய் வாசகர்)

வதந்தி இல்லை. 2009இல் வென்றதால் 2010 போட்டியை நடத்த வேண்டிவந்தது; அந்தச் செலவுக்காக நார்வேயின் என்.ஆர்.கே. தொலைக்காட்சி அந்த ஆண்டு உலகக் கோப்பை ஒளிபரப்பு உரிமையைத் தனியார் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. ஜெயிப்பதில் இப்படியும் ஒரு செலவு.

மகள் நன்றாகப் பாடுவாள், 13 நடக்கிறது. அடுத்த மெலோடி கிராண்ட் ப்ரிக்கு அனுப்பலாமா? (ஸ்டாவாங்கர் வாசகர்)

முடியாது. யூரோவிஷன் மேடைக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 1986இல் நார்வே முதன்முதலாகப் போட்டியை நடத்தியபோது, பெர்கனில் பெல்ஜியத்தின் சாண்ட்ரா கிம் 13 வயதில் வென்றார். அப்போது வயது வரம்பு இல்லை, பிறகு வந்தது. உங்கள் மகளுக்குச் சிறுவர்களுக்கான எம்.ஜி.பி. ஜூனியர் இருக்கிறது; அதற்கு 15ஐத் தாண்டக்கூடாது, சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். அதனால் இப்போதே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பெரிய மேடைக்கென்று எழுதினால் மூன்று நிமிடத்துக்குள் முடிக்கப் பழகட்டும்.

அப்புறம், "13 நடக்கிறது" என்று எழுதாமல் பிறந்த ஆண்டை எழுதியிருந்தால், எந்த ஆண்டுப் போட்டி என்று இங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பேன்.